உங்கள் தோட்டம் எந்தப் பிரதேச சபையில் இருக்கிறது?
மீளத் திரும்பிய குடும்பங்களுக்காகப் பதுளையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை



உங்களில் சிலர் 1977, 1983 கலவரங்களுக்குப் பின் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், அங்கே போரிலும் அகப்பட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். பிள்ளைகளில் பலர் பதுளையை இப்போதுதான் முதன்முதலாகக் காண்கிறார்கள். ஆகவே முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு, பிறகு கந்தோர்களுக்கு வருகிறேன்.

ஊவா மாகாணத்தில் பதுளை, மொனராகலை என்று இரண்டு மாவட்டங்கள். மாகாணத்தின் தலைநகர் பதுளை. 1924இல் இங்கு வந்து சேர்ந்த ரயில் பாதை இன்றும் இங்கேயே முடிகிறது. நகரத்துக்கு மேலே தெரியும் நமுனுகுல மலை 2,000 மீற்றருக்கும் அதிக உயரம். வடக்கே மகியங்கனைப் பக்கம் இறங்கினால் வெயிலும் வயலும் சொரபொர குளமும். பதுளு ஓயா, உமா ஓயா நீர் மகாவலிக்குப் போகிறது. தெற்கே கொஸ்லந்தைப் பக்கம் விழும் மழையோ கிரிந்தி ஓயா வழியாகத் தென்கடலுக்குப் போகிறது.

ஆடி, ஆவணியில் இங்கே காய்ந்த காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுப்பது அந்தக் காலம்தான். ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழையை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதனால், வீடோ காணியோ தருகிறோம் என்று யார் சொன்னாலும், அந்த இடத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

இனிக் கந்தோர்கள். உங்கள் பெற்றோர் காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வாசல்தான்: தோட்டத்து ஆபீஸ். கூரை ஒழுகினாலும், பாதை உடைந்தாலும், பிள்ளை பிறந்தாலும் துரையிடம்தான் போக வேண்டும். கிராம சபைகள் இருந்த நாளிலும் தோட்டம் அதற்குப் புறம்பு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்த பிறகும் நிலைமை அதிகம் மாறவில்லை. நம்மவர்கள் சபைக்கு வாக்குப் போட்டார்கள், உறுப்பினர்களாகவும் வந்தார்கள். ஆனால் சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க 33ஆம் பிரிவு தடையாக நின்றது. பாதை தோட்டத்தினுடையது, எங்களால் கை வைக்க முடியாது என்று சபையில் சொல்வார்கள். தோட்டத்திலோ பணம் இல்லை என்பார்கள்.

2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது தோட்டத்துக்குள்ளும் சபை வேலை செய்யலாம். செய்தே தீரும் என்று நான் சொல்லமாட்டேன். சபைகளின் கையிலும் பணம் குறைவு, காணி இன்னமும் தோட்டத்தின் பொறுப்பில் இருக்கிறது, நிர்வாகத்தோடு பேசித்தான் பல வேலைகள் நடக்கும். ஆனால் "சட்டத்தில் இடமில்லை" என்ற பதிலை இனி நீங்கள் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

பதுளை மாவட்டத்தில் பதுளை, பண்டாரவளை மாநகர சபைகள், அப்புத்தளை நகர சபை, அவற்றோடு 15 பிரதேச சபைகள். உங்கள் தோட்டம் எந்தச் சபையில், எந்த வட்டாரத்தில் வருகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். பக்கத்து டவுனை வைத்து ஊகிக்க வேண்டாம். சாமான் வாங்கப் போகும் டவுன் ஒரு சபையிலும் லயம் இன்னொரு சபையிலும் இருக்கலாம். உட்பாதை, தெருவிளக்கு, மயானம், குப்பை, வாசிகசாலை போன்றவற்றைச் சபையிடம் கேளுங்கள்.

பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் மக்கள் இரண்டு இடத்துக்கும் அலைகிறார்கள். சபையில் இருப்பவர்கள் நீங்கள் வாக்களித்துத் தெரிவு செய்தவர்கள். செயலகம் அரசாங்கக் கந்தோர். நிவாரணமும் கொடுப்பனவும் அந்தப் பக்கம். அதற்கு முதற்படி நாம் கிராம சேவகர் என்று சொல்லும் கிராம உத்தியோகத்தர். வந்த முதல் வாரத்திலேயே அவரிடம் குடும்பத்தைப் பதியுங்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் ஏறியதா என்றும் விசாரியுங்கள். பெயர் இல்லாத வீட்டை உறுப்பினரும் தேடி வரமாட்டார்.

அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தோட்ட அதிகாரியும் உறுதிப்படுத்தலாம். பிள்ளை இந்தியாவில் பிறந்திருந்தால், அந்தப் பிறப்பைப் பதிந்து பிரஜாவுரிமைச் சான்றிதழ் எடுக்கும் வேலையை எல்லாவற்றுக்கும் முன்னால் முடியுங்கள். அது இல்லாமல் மற்றக் கடதாசிகள் நகராது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பண்டாரவளை, அப்புத்தளை, ஹாலிஎல, பசறை, ஹல்துமுல்லை உட்படப் பல பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. தமிழில் எழுதிக் கொடுக்கலாம், தமிழில் பதில் கேட்கலாம். பல வருடங்களுக்கு முன் ஒரு கந்தோரில் எனக்கு விளங்காத சிங்களப் படிவத்தில், "சும்மா போடுங்க" என்று சொன்னதால் கையெழுத்து வைத்தேன். என் குடும்ப அட்டையில் அம்மாவின் பெயரை விலக்குவதற்கான படிவம் அது. திருத்தி எடுக்க ஏழு மாதம் சென்றது. விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். கொடுத்த கடிதத்துக்குப் பிரதி எடுத்து, திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.

லயத்துக் கூரை, தண்ணீர்க் குழாய் விடயத்தில் இன்னமும் முதலில் தோட்ட நிர்வாகத்திடம்தான் போக வேண்டியிருக்கும். ஆனால் கடிதத்தின் ஒரு பிரதியைச் சபைத் தவிசாளருக்கும் அனுப்புங்கள்.

வெளியே மேசையில் மாவட்ட வரைபடம் விரித்து வைத்திருக்கிறோம். உங்கள் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் சொன்னால், சபையையும் வட்டாரத்தையும் எழுதித் தருவோம். பின்வரிசையில் கைக்குழந்தையோடு இருக்கும் அம்மாமார் முதலில் வாருங்கள்.