அளவறிந்து ஆற்றல் செலுத்துவோம்

(இளைஞர் தொழிற்பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



வெள்ளிவிழா மேடையில் ஏறுவோர் கல்வியின் பெருமையைப் பொதுப்படப் பேசுவது வழக்கம். நாம் இன்று ஒரு கருவியின் ஒரேயொரு குமிழைப் பற்றிப் பேச வந்துள்ளோம். கம்பியில்லாத் தொடர்புக் கருவிகளைச் சோதிப்பதற்குரிய சிக்னல் ஜெனரேட்டர் என்னும் கருவியில், வெளிவரும் ஆற்றலின் அளவை அமைக்கும் குமிழே அது. இவ்வளவு சிறிய பொருளுக்கு இவ்வளவு பெரிய அவை எதற்கு என்று வினவலாம். காரணம் உண்டு.

தொழிற்கல்விக்கூடம் ஒன்றில் பயின்ற நம் பிள்ளைகள் சிலர், ஓராண்டு முழுவதும் செய்முறை வகுப்பில் அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதும் வேலையை மட்டுமே செய்தனர். குமிழைத் திருப்பியவர்கள் வேறு பிள்ளைகள். “விலையுயர்ந்த பொருள், நீ தொட்டால் கெட்டுவிடும்” என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம். கிணற்றங்கரையில் நம் பாட்டன்மார் கேட்ட சொல் அன்றோ இது! 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீரைக் கையால் அள்ளிப் பருகினார். தொடும் உரிமையை அன்று அவர் நிலைநாட்டினார். தொட்டதை ஆளும் அறிவை ஈட்டுவது நம் கடமை. ஏனெனில், அந்தக் கருவி கெட்டுப்போகக்கூடியது என்பது உண்மையே. ஆனால் அதைக் கெடுப்பது அறியாமை. தொடுபவனின் பிறப்பு அன்று.

இனிப் பொருளுக்கு வருவோம். நம் மாவட்டத்தின் கடற்கரையில் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் உள்ளன. கடலோடும் படகொன்றில் வி.எச்.எஃப். கம்பியில்லாக் கருவி இருப்பதாகக் கொள்வோம். ஆபத்துக் காலத்தில் அழைப்பதற்கென உலகம் முழுவதும் ஒதுக்கப்பட்டிருப்பது 16ஆம் தடம். அதன் அதிர்வெண் 156.8 மெகாஹெர்ட்ஸ். தொலைவிலிருந்து வரும் அழைப்பு மிக மெலிந்தே வந்து சேரும். அதைக் கேட்கும் திறன் அக்கருவிக்கு இருக்கிறதா என்பதைக் கரையிலேயே கண்டறிய வேண்டும். மெலிந்த அழைப்பைப் போன்ற செயற்கைச் சமிக்ஞையைத் துல்லியமாக உண்டாக்கித் தருவதே சிக்னல் ஜெனரேட்டரின் வேலை.

எவ்வளவு மெலிந்தது? நம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அம்மன் காசு என்னும் சிறு நாணயம் வழங்கியது. ஓர் அணாவுக்கு 20 காசு. ஒரு ரூபாய்க்கு 320 காசு. அத்துணைச் சிறிய பங்கையும் எண்ணிக் கணக்கு வைத்த மண் இது. இங்கோ பங்கு இன்னும் நுண்ணியது. நல்ல கருவி 0.25 மைக்ரோவோல்ட் அளவிலேயே பேச்சைப் பிரித்தறியும் எனக் கொண்டால், 50 ஓம் மின்தடையில் அந்த ஆற்றல், ஒரு மில்லிவாட்டில் ஏறத்தாழ 80,000 கோடியில் ஒரு பங்கு. இத்தனை சுழிகளை எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே அறிஞர்கள் டெசிபல் என்னும் கணக்கை வகுத்தனர். தொலைபேசி கண்ட கிரகாம் பெல்லின் பெயரால் அமைந்த அளவை அது. ஒரு மில்லிவாட்டைச் சுழியம் டி.பி.எம். என்பர். பத்து மடங்கு கூடினால் 10 கூட்டுக; பத்தில் ஒன்றாகக் குறைந்தால் 10 கழிக்க; இரு மடங்குக்கு ஏறத்தாழ 3. அவ்வாறு பார்த்தால் ஒரு மைக்ரோவோல்ட் என்பது -107 டி.பி.எம்.; 0.25 மைக்ரோவோல்ட் என்பது -119 டி.பி.எம். பெருக்கலும் வகுத்தலும் கூட்டலும் கழித்தலுமாக எளிமைப்பட்டுவிட்டன.

இப்பொழுது சோதனைக்கு வருவோம். முதல் விதி: இணைக்குமுன் ஜெனரேட்டரின் வெளியீட்டை நிறுத்தி வைக்க வேண்டும், பின்னர் மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்கிப் படிப்படியாக உயர்த்த வேண்டும். இரண்டாம் விதி: இடையில் ஆற்றலைத் தணிக்கும் அட்டென்யுவேட்டர் இருக்க வேண்டும். சோதிக்கப்படும் கருவி கேட்பது மட்டுமன்றிப் பேசவும் வல்லது. எவரேனும் மறதியாகப் பேசும் பொத்தானை அழுத்திவிட்டால் 25 வாட் ஆற்றல் ஜெனரேட்டருக்குள் பின்னோக்கிப் பாய்ந்து அதன் உள்ளுறுப்புகளை எரித்துவிடும். “தொட்டால் கெட்டுவிடும்” என்றார்களே, அந்தக் கேடு இதுதான். அதைத் தடுப்பது சாதியன்று. அந்த ஆற்றலைத் தாங்கவல்ல 30 டெசிபல் அட்டென்யுவேட்டர்! அது நடுவில் இருந்தால் 25 வாட், 25 மில்லிவாட்டாக அடங்கிவிடும்.

மூன்றாம் விதி: வழியில் இழப்பதைக் கணக்கிற் சேர்க்க வேண்டும். கேபிள் 2 டெசிபல் விழுங்குகிறது, அட்டென்யுவேட்டர் 30 விழுங்குகிறது என்றால் மொத்த இழப்பு 32. கருவியின் வாயிலில் -119 வேண்டுமானால் ஜெனரேட்டரில் -87 என்று அமைக்க வேண்டும். இதை மறந்து -119 என்றே அமைத்தவன் நல்ல கருவியைப் பழுதென்று ஒதுக்குவான். கழற்றிவிட்ட அட்டென்யுவேட்டர் இன்னும் இருப்பதாக எண்ணிக் கணக்கிட்டவனோ, செவிடான கருவியை நன்றென்று சான்றளித்துக் கடலுக்கு அனுப்பிவிடுவான். முன்னவனால் பணம் வீண். பின்னவனால் உயிருக்கே ஆபத்து.

நான்காவது, வோல்ட் கணக்கில் ஒளிந்திருக்கும் பொறி. சில ஜெனரேட்டர்கள் சுமை இணைக்கப்படாத நிலையின் மின்னழுத்தத்தைக் காட்டும். சில, 50 ஓம் சுமையின் மேல் விழும் மின்னழுத்தத்தைக் காட்டும். முன்னது பின்னதைப்போல் இரு மடங்கு. வேறுபாடு 6 டெசிபல். எதைக் காட்டுகிறது என்று கையேட்டைப் படித்தறியாமல் குமிழில் கை வைக்கலாகாது.

ஐந்தாவது, இக்காலக் கைப்பேசிகள் பயன்படுத்தும் 4ஜி, 5ஜி சமிக்ஞைகள். இவற்றின் ஆற்றல் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை; சராசரிக்கு மேல் 10 டெசிபல் அளவுக்கும் முகடுகள் எழும். திரையில் தெரிவது சராசரி அளவாயின், முகடுகளுக்கும் இடம் விட்டே அளவை அமைக்க வேண்டும். இன்றேல் உச்சிகள் நசுங்கிச் சோதனையே பொய்த்துவிடும். மேலும், கருவியை இயக்கிச் சுமார் அரைமணி நேரம் சூடேற விடுவதும், அவ்வப்போது ஆற்றல்மானியால் சரிபார்ப்பதும், குறித்த காலத்தில் தரச்சான்று பெறுவதும் நல்ல தொழிலாளியின் ஒழுக்கம்.

இவ்வறிவு எங்கே பயன்படும்? திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பட்ட நோக்கியா ஆலையை நினைவிற் கொள்க. கைப்பேசி ஆலைகளில் ஒவ்வொரு கைப்பேசியும் ஆற்றல் அளவு சோதிக்கப்பட்ட பின்னரே பெட்டியில் ஏறும். சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் எட்டு நிறுவனங்கள் கூடி அமைத்த 5ஜி சோதனைக்களம் 2022 மே 17 அன்று தொடங்கப்பட்டது. பொருத்தும் கைக்கு ஒரு கூலி. சோதிக்கும் கைக்கு வேறு ஊதியம். ஆலை மூடினாலும் அறிவு மூடப்படுவதில்லை. அது வேறோர் ஆலையின் வாயிலைத் திறக்கும்.

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நம் மாவட்டத்தைச் சூறையாடியதை எவர் மறப்பர்? மின்கம்பங்கள் சாய்ந்தன, பல ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன, கைப்பேசிகள் ஊமையாயின. அத்தகைய வேளையில் ஒழுங்காகச் சோதிக்கப்பட்ட ஒரு கம்பியில்லாக் கருவி ஊருக்கே உயிர்நாடி ஆகும். அதைச் சோதித்தவர் எந்தத் தெருவினர் என்று அலைகள் வினவுவதில்லை.

இளைஞர்களே! அளவுகோலுக்கு மேலோர் கீழோர் என்ற பேதம் இல்லை. -119 என்றால் எவர் கையிலும் -119தான். சமத்துவத்தை ஏட்டில் மட்டும் கண்ட நாம், அதைக் கருவியின் முள்ளில் நேரே காண்கிறோம். எனவே இனி எந்தச் செய்முறை வகுப்பிலும் குறிப்பேட்டோடு மட்டும் நிற்காதீர்கள். “நானும் திருப்புகிறேன்” என்று பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். கேட்பதற்குமுன் அந்த ஐந்து விதிகளையும் நெஞ்சில் நிறுத்துங்கள். இச்சங்கம் பொன்விழாக் காணும்போது, குமிழைத் திருப்பக் கற்றவர்கள் பிறருக்குக் கற்பிப்பவர்களாக இதே மேடையில் நிற்க வேண்டும் என்பது நம் விழைவு.