“விசேஷம் உண்டா?” என்று கேட்பதற்கு முன்

(நாக்பூர் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்த காரியதரிசி, “ஏதாவது உபயோகமான விஷயமாச் சொல்லுங்கோ ஸார்” என்றார். பென்ஷன், உயில், நாமினேஷன் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் எடுத்துக்கொண்டிருப்பது வேறு விஷயம். கல்யாணமாகி, முதல் குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளின் அன்றாட வாழ்க்கை. எழுபத்தாறு வயதுக் கிழவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். வேலை இருக்கிறது. அந்தத் தம்பதிகளைப் படுத்தி எடுப்பது பெரும்பாலும் என் வயதுக்காரர்கள்தான்!

என் தமக்கையின் பேத்தி புணேயில் இருக்கிறாள். வயது 32. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. அவளும் அவள் கணவனும் சம்மதித்த பிறகே இதைச் சொல்கிறேன். “நாங்க சொன்னா யாரும் கேக்கமாட்டா தாத்தா, நீங்க சொல்லுங்கோ” என்றாள்.

அவனுக்கு ஹிஞ்சவாடியில் வேலை, அவளுக்கு கராடியில். ஊரின் இரண்டு கோடி. அவள் காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறாள். அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்யும் அவன் வீடு திரும்ப நள்ளிரவாகிறது. இந்த நிலையில் இயற்கையின் கணக்கைப் பாருங்கள். கருமுட்டை வெளிவந்தபின் அதிகபட்சம் ஒரு நாள்தான் உயிரோடிருக்கும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை தாங்கும். ஆக, ஒரு மாதத்தில் கருத்தரிக்க வாய்ப்புள்ளவை, முட்டை வெளிவரும் நாளோடு முடியும் ஆறு நாட்கள்தான். அந்த ஆறு நாளில் அவனுக்கு ஹைதராபாத் டூர் வரும், அவளுக்கு ஆபீஸில் ஆடிட் வரும். அதுவும் இல்லாவிட்டால், ஷீரடி தரிசனத்துக்கென்று உறவுக்காரர் மூன்று பேர் வந்து, இரண்டு அறை வீட்டில் ஐந்து நாள் தங்குவார்கள். புறப்படும்போது, “சீக்கிரம் நல்ல சேதி சொல்லு” என்று ஆசீர்வாதமும் செய்துவிட்டுப் போவார்கள்!

வைத்தியம் ஆரம்பித்தபின் அவர்கள் காலண்டரே மாறிவிட்டது. மாதவிலக்கின் இரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும். ஒன்பதாம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன். ஒவ்வொன்றுக்கும் ஆபீஸில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் தோசைமாவுக்குப் பக்கத்தில் ஊசி மருந்து. யார் வீட்டுக்கு வந்தாலும் அதை மறைத்து வைக்க வேண்டும். அதன்பிறகு இரண்டு வாரம் காத்திருப்பு. கொஞ்சம் அசதியாக இருந்தால் நம்பிக்கை, கொஞ்சம் வயிறு வலித்தால் பயம். ஒரு நாள் காலையில் எல்லாம் முடிந்துபோய்விடும். முகத்தைக் கழுவிக்கொண்டு பத்து மணி மீட்டிங்கில் போய் உட்கார வேண்டும். இது வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் நெருங்கிய உறவில் ஒரு வளைகாப்பு. போகாவிட்டால் “பொறாமை” என்று பேச்சு வரும் என்று பயந்து போயிருக்கிறாள். கர்ப்பிணிப் பெண் மணையிலிருந்து எழுந்ததும் ஒரு மாமி இவளைக் கையைப் பிடித்து இழுத்து, “அடுத்தது நீதான், உட்காரு” என்று உட்கார வைத்து, கை நிறைய வளையலும் அடுக்கினாராம். அந்த மாமியின் மனசில் துளிக்கூடக் கல்மிஷம் கிடையாது. பல வீடுகளில் இது அன்பான வழக்கம். ஆனால் ஐம்பது பேர் பார்க்க அந்த மணையில் உட்கார்ந்திருந்தவளுக்கு அன்று காலைதான் மாதவிலக்கு. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு வளையலாகக் கழற்றி வைத்தாள். அதற்கப்புறம் ஒன்றரை வருஷமாக எந்த விசேஷத்துக்கும் அவர்கள் வருவதில்லை. ஒரு கேள்விக்குப் பயந்து இரண்டு பேர் தங்கள் மனிதர்களையே விட்டு விலகிவிட்டார்கள். என்னைப் பேச வைத்தது இதுதான்.

நான் படித்தது வேதியியல்தான், வைத்தியம் இல்லை. ஆனாலும் எல்லா வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய நாலு விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பொறுமைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆரோக்கியமான இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று அல்லது நாலில் ஒன்றுதான். நூறு தம்பதிகளில் எண்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் நிற்கும். மீதியிருப்பவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அடுத்த வருஷம். எனவே மூன்று மாதத்தில் பதற வேண்டியதில்லை. பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருஷம் முயன்ற பிறகும், 35ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயும் டாக்டரைப் பார்க்க வேண்டும். மாதவிலக்கு ஒழுங்காக வராவிட்டால் காத்திருக்கவே கூடாது. ராமேஸ்வரம் போகட்டும், ஷஷ்டி விரதம் இருக்கட்டும். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் “அதை முடிச்சுண்டு அப்புறம் டாக்டர்” என்று ஒத்திப்போடாதீர்கள். வயதுக்கு ஒத்திவைப்பு கிடையாது.

இரண்டாவது, இது இரண்டு பேர் விஷயம். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆணுக்கான முதல் பரிசோதனை சுலபமானது. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளிக்குப் பின் மாதிரி கொடுத்தால், மைக்ராஸ்கோப்பில் எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பெண்ணுக்கோ கருக்குழாய் எக்ஸ்ரே, சில சமயம் மயக்க மருந்து கொடுத்து லேப்ராஸ்கோப்பி. சுலபமானதை முதலில் செய்வதுதானே புத்திசாலித்தனம்? ஆனால் பல வீடுகளில் மருமகள் ஆறு டாக்டர்களைப் பார்த்து முடித்த பிறகுதான் பிள்ளை ஒரு பரிசோதனைக்கு வருகிறான். பிள்ளையைப் பெற்றவர்கள் இதை மாற்ற வேண்டும். “நீயும் கூடப் போடா” என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மூன்றாவது, விந்தணு உருவாகி முடிய சுமார் இரண்டரை மாதம் ஆகிறது. புகையிலையை இன்று விட்டால் அதன் பலன் தெரிய மூன்று மாதமாகும். லாப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்யும் உஷ்ணமும் அதற்கு ஆகாது.

நாலாவது, கருத்தரிக்க முயலும்போதே பெண் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்வது நல்லது. குழந்தையின் தண்டுவடமாகும் குழாய், கருவுற்ற நாலு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே அப்போது தெரியாது. சர்க்கரை வியாதி முதலியவை இருந்தால் எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அரசாங்கத்தில் இருந்தவன் என்பதால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, ஐ.வி.எஃப். செய்யும் மருத்துவமனை பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. “பிள்ளைக் குழந்தையாப் பார்த்து வைக்கிறோம்” என்று யாராவது சொன்னால், அது 1994ஆம் வருஷச் சட்டப்படி குற்றம்.

வாய்ச்சொல் என்ன செய்யும் என்பதற்கு நம் தேசத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25ல் இங்கிலாந்தில் பிறந்தது. பத்தே வாரம் கழித்து, அக்டோபர் 3ல் கல்கத்தாவில் துர்கா என்ற குழந்தை பிறந்தது. அதைச் சாதித்த டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயை அரசு நியமித்த கமிட்டி நம்பவில்லை. சக டாக்டர்கள் ஏளனம் செய்தார்கள். 1981ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். 1986ல் பம்பாயில் ஹர்ஷா என்ற குழந்தையைச் சாத்தியமாக்கிய விஞ்ஞானிகளில் ஒருவரான டி.சி. ஆனந்த குமார், 1997ல் அந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதல் பெருமை சுபாஷுக்கே உரியது என்று எழுதினார். எவ்வளவு பெருந்தன்மை! ஆனால் சுபாஷ் அதைக் கேட்க இல்லை. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி மறைவாகவே வளர்ந்த துர்காவும் 2003ல், தன் 25ஆம் பிறந்தநாளில்தான், வெளியே வந்து பேசினார்.

ஆகவே என் வயதுக்காரர்களுக்கு நான் வைக்கும் கோரிக்கை சிறியது. “விசேஷம் உண்டா?” என்று கேட்காதீர்கள். இருந்தால் அவர்களே சொல்வார்கள். ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வளைகாப்புக்கு அழையுங்கள், ஆனால் “சௌகரியப்பட்டா வாம்மா, இல்லேன்னா பரவாயில்லை” என்ற ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்கேன் இருக்கும் வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாடு அனுப்புங்கள், எதற்கென்று கேட்காமல். வைத்தியத்தை நிறுத்திவிட்டோம் என்றாலும், தத்து எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்றாலும், நாங்கள் இருவர் மட்டும் போதும் என்றாலும், அது அவர்கள் முடிவு. அதைக் கௌரவியுங்கள்.

இவ்வளவும் கேட்டபின், “அந்தப் புணேப் பெண்ணுக்கு இப்போ ஏதாவது...?” என்று இந்தச் சபையில் யாராவது ஆரம்பிப்பீர்கள் என்று தெரியும். எனக்கே தெரியாது. நான் கேட்கவில்லை. போன வாரம் போன் பண்ணியபோது, ரசப்பொடிக்கு எவ்வளவு மிளகு என்று அவள் பாட்டியிடம் கேட்கச் சொன்னாள். அரை மணி நேரம் பேசினோம். ரொம்ப நாளுக்கப்புறம் சிரித்தாள்.