மூக்கைத் துடை, பூட்ஸைப் போடு: டகோட்டா மழலையர் வகுப்பில் ஒரு காலை

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் சார் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். முப்பத்தோரு வருடம் எல்.கே.ஜி. வகுப்பு எடுத்தவள் நான், மணி அடிப்பதற்குள் முடிக்கத் தெரியும். கவலைப்படாதீர்கள்.

இந்த ஹாலில் இருக்கும் பெரியவர்களில் பாதிப் பேருக்காவது பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பார்கள். என் மகள் இருப்பது மினியாபொலிஸில். அந்த ஊர்ப் பெயரைப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, அது என்ன மொழி என்று யோசித்ததே இல்லை. 'ம்னி' என்றால் டகோட்டா மொழியில் தண்ணீர். அதோடு கிரேக்கத்தில் நகரத்தைக் குறிக்கும் 'போலிஸ்' என்பதை ஒட்டி ஊருக்குப் பெயர் வைத்தார்கள். மின்னசோட்டா என்ற மாநிலப் பெயரிலும் அதே 'ம்னி'தான். மாநிலத்துக்கும் ஊருக்கும் பெயர் கொடுத்த மொழி. ஆனால் அதைப் பிறந்ததிலிருந்து பேசி வளர்ந்தவர்கள் இன்று அந்த மாநிலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில முதியவர்கள் மட்டுமே.

ஏன் இப்படி ஆனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மினியாபொலிஸ் விமான நிலையத்தை ஒட்டியே ஸ்னெல்லிங் கோட்டை இருக்கிறது. மிசிசிப்பி ஆறும் மின்னசோட்டா ஆறும் கூடும் இடம், டகோட்டா மக்களுக்குப் புனிதமான இடம். 1862-இல் ஒப்பந்தப்படி வரவேண்டிய பணம் வரவில்லை, பசி, அதிலிருந்து ஒரு போர். அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று மன்கேட்டோ என்ற ஊரில் 38 டகோட்டா ஆண்களை ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று ஏறத்தாழ 1,600 பேரை அந்தக் குளிர்காலம் முழுக்கக் கோட்டைக்குக் கீழே அடைத்துவைத்தார்கள். 1863-இல் மாநிலத்தைவிட்டே வெளியேற்றினார்கள். பிறகு உறைவிடப் பள்ளிகள். 1879-இல் பென்சில்வேனியாவில் கார்லைல் பள்ளி தொடங்கியது, அதன் வழியில் இன்னும் பல. சொந்த மொழியில் பேசினால் அந்தப் பிள்ளைகளுக்கு அடி. அடிபட்ட பிள்ளை அம்மாவாகும்போது தன் குழந்தையிடம் அந்த மொழியைப் பேசுமா? இதை ஆசிரியையாகச் சொல்கிறேன்: ஒரு மொழியை நிறுத்த வேண்டுமென்றால் இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இப்போது வகுப்புக்கு வருகிறேன். என் மகளோடு வேலை பார்க்கும் பெண்ணின் குழந்தை அந்த மாதிரி ஒரு மழலையர் வகுப்பில் படிக்கிறாள். மூன்று வயது முதல் ஐந்து வயது வரை, காலை முதல் மதியம் வரை டகோட்டா மொழி மட்டும். நானும் ஆசிரியை என்று கேள்விப்பட்டு ஒரு நாள் ஓரமாக உட்கார அனுமதித்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: உள்ளே ஆங்கிலம் கூடாது. "தமிழ் பேசலாமா?" என்று கேட்டேன். தாராளமாக என்றார்கள்!

ஜனவரி மாதம், வெளியே மைனஸ் இருபது டிகிரி. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் ஒரு பொடியன் ஜன்னலருகே நின்று என்னைப் பார்த்து "வா! வா!" என்றான். கூப்பிடுகிறானே என்று எழுந்து போனேன். பிறகுதான் தெரிந்தது, டகோட்டாவில் 'வா' என்றால் பனி.

பனி பெய்தாலும் குழந்தைகளை வெளியே விளையாட விடுவார்கள். அதற்கு ஒவ்வொரு குழந்தைக்கும் பனிக்கால்சட்டை, கோட்டு, தொப்பி, கையுறை, பூட்ஸ் எல்லாம் மாட்டவேண்டும். திரும்பி வந்ததும் கழற்றவேண்டும். அதற்குள் ஒருத்திக்கு பாத்ரூம் வந்துவிடும். பத்துக் குழந்தைகளுக்கு இது முடிய அரை மணி நேரம். நானாக இருந்தால் எரிச்சல்பட்டிருப்பேன். அந்த ஆசிரியைக்கு அதுதான் பாடமே. ஹான்பா என்றால் காலணி. "ஹான்பா எங்கே? இது யாருடையது? வலது காலா, இடது காலா? இழு, இன்னும் இழு, ஆங், போயிடுச்சு!" இவ்வளவும் டகோட்டாவில். ஒரே வாக்கியம் பத்துக் குழந்தைக்குப் பத்து முறை. ஒரு குழந்தை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் கண்டிப்பதில்லை. அதையே டகோட்டாவில் திருப்பிச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்கிறார். தண்ணீர் வேண்டுமென்றால் 'ம்னி வச்சின்' என்று கேட்கவேண்டும். நம்மைப் போலவே வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது.

இதில் எனக்குப் புரிந்த விஷயம் ஒன்று. டகோட்டாவில் புத்தகம் இல்லாமல் இல்லை. 1852-இலேயே ஸ்டீபன் ரிக்ஸ் என்ற பாதிரியார் தொகுத்த இலக்கணமும் அகராதியும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வெளியீடாக வந்திருக்கிறது. முழு பைபிளும் 1879-இல் வந்துவிட்டது. போருக்குப் பின் சிறையில் இருந்தவர்கள் சொந்த மொழியில் எழுதிய கடிதங்கள் கிடைத்து, 2013-இல் மொழிபெயர்ப்போடு புத்தகமாயின. ஆனால் "மூக்கைத் துடை", "ஜிப்பைப் போடு", "பசையை நக்காதே" என்று சொல்ல இவை எதுவும் உதவாது. இந்தப் பேச்செல்லாம் வீட்டில் அம்மாவும் பாட்டியும் பேசுவது. யாரும் எழுதிவைக்கவில்லை. வீட்டில் பேச்சு நின்றபோது முதலில் போனதும் இதுதான். வகுப்பு நடத்துபவர்கள் இப்போது முதியவர்களிடம் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டு வாங்குகிறார்கள். இல்லாத பொருளுக்குச் சொல் உருவாக்குகிறார்கள். சுவர் முழுக்க அந்த வாக்கியங்களை ஒட்டிவைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குப் படிக்கத் தெரியாதே, எதற்கு என்று நினைத்தேன். அது ஆசிரியைகளுக்காம்!

ஆமாம், ஆசிரியைகளுக்கும் அது தாய்மொழி இல்லை. பெரியவர்களான பின் படித்தவர்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1969-இல் தொடங்கிய அமெரிக்க இந்தியர் ஆய்வுத் துறை டகோட்டாவைக் கற்பிக்கிறது, அங்கே படித்து வந்தவர்களும் உண்டு. பேசத் தெரிந்த முதியவரிடம் ஆசிரியர் சான்றிதழ் இருக்காது, சான்றிதழ் உள்ள இளைஞருக்குப் பேச்சு சரளமாக வராது. இரண்டு பேரையும் ஒரே அறையில் வைக்கவேண்டியிருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த மொழியில் ஆண் பேச்சும் பெண் பேச்சும் கொஞ்சம் வேறு. ஆண் ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் கடைசியில் 'வோ' என்று முடிப்பார், பெண் வேறு மாதிரி முடிப்பார். வகுப்பில் ஆசிரியைகள் மட்டும் இருந்தால் பையன்கள் பெண் பேச்சே பேசி வளர்வார்கள். அதனால் ஒரு தாத்தாவாவது வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்தாகவேண்டும்.

உறவுமுறைச் சொற்களைத்தான் நான் மிகவும் ரசித்தேன். அம்மா 'இனா'. அப்பா 'அத்தே'. சிரிக்காதீர்கள், எனக்கும் அத்தை என்றுதான் காதில் விழுந்தது. அம்மாவின் சகோதரியும் இனாதான், அப்பாவின் சகோதரனும் அத்தேதான். நாம் பெரியம்மா, சித்தப்பா என்று சொல்வது போல. அம்மாவின் சகோதரனுக்கு மட்டும் வேறு சொல், 'டெக்ஷி', நம் மாமா. லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க வழக்கறிஞர் அங்குள்ள பழங்குடிகளின் உறவுமுறைகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். இங்கிருந்த மிஷனரிகள் மூலம் தமிழ் உறவுமுறையையும் வரவழைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து அசந்துபோனார். 1871-இல் அவர் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் இந்த ஒப்பீடு இருக்கிறது. இதனால் நாமும் அவர்களும் ஒரே இனம் என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள், மாமன் மகளைக் கட்டும் வழக்கம் அங்கே இல்லை. ஆனால் கணக்கு பல இடங்களில் ஒத்துப்போகிறது.

அண்ணனைப் பெண் 'திப்டோ' என்பாள், ஆண் 'சின்யே' என்பான். பையன் தன் அக்காவை 'தங்கே' என்பான்! உறவு சொல்லிக் கூப்பிடுவதுதான் அவர்கள் மரியாதை. 1944-இல் எலா டெலோரியா என்ற டகோட்டா அறிஞர் எழுதியதை இங்கே சொல்லவேண்டும்: நல்ல உறவினராக இருப்பதே டகோட்டா வாழ்க்கையின் நோக்கம் என்றார் அவர். அதனால் வகுப்பில் ஒருவன் இன்னொருத்தியின் பொம்மையைப் பிடுங்கினால், "தங்கேயிடம் கேட்டாயா?" என்றுதான் ஆசிரியை கேட்கிறார். நம் லிஃப்டில் எல்லோரும் அங்கிள், ஆன்ட்டி ஆகிவிட்டோம், அதை விடுங்கள்.

சரி, இதனால் மொழி பிழைத்துவிடுமா? மதியம் வீட்டுக்குப் போனால் ஆங்கிலம். சனி, ஞாயிறு கழித்து வரும்போது பாதி மறந்துபோகிறது என்றார் ஆசிரியை. ஐந்து வயதானதும் பெரும்பாலான குழந்தைகள் ஆங்கிலப் பள்ளிக்குத்தான் போகவேண்டும். நியூசிலாந்தில் மாவோரி மக்கள் 1982-இலும், ஹவாய் மக்கள் 1984-இலும் இதேபோல மழலையர் பள்ளியில்தான் ஆரம்பித்தார்கள். அங்கே மேல்வகுப்புகளும் அந்த மொழியிலேயே பின்னால் வந்தன. டகோட்டாவுக்கு அந்தத் தொடர்ச்சி இன்னும் போதவில்லை. அதனால் பெற்றோர்களே மாலையில் வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். என் மகளின் தோழி பகலெல்லாம் அலுவலகம் போய்விட்டு, இரவு "பல் தேய்", "போர்வையை இழுத்துக்கோ" என்ற வாக்கியங்களை மனப்பாடம் செய்கிறாள். தன் பாட்டிக்கு டகோட்டா தெரியும், ஆனால் தன்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை என்றாள்.

பாட்டிக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. போன வருடம் கொள்ளுப்பேத்தி அவர் மடியில் ஏறி, 'ம்னி வச்சின்' என்றாளாம். பாட்டி ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குழந்தை சொன்னதில் ஒரு உச்சரிப்பைத் திருத்தினாராம். அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் வகுப்புக்கு அவரே வருகிறார்.

செயலாளர் சார் வாட்சைப் பார்க்கிறார். வெளியே சுண்டலும் காபியும் தயார். கேள்வி இருந்தால் அங்கே கேளுங்கள்.