அடைத்த அறைக்குக் கூலர் ஆகாது

தூத்துக்குடியில் காளான் வளர்க்க ஓர் அறையை அடைத்துத் தயாராக வைத்திருக்கிறீர்களா? ஏர் கூலர் மட்டும் வாங்காதீர்கள். தண்ணீர் ஆவியானால்தான் கூலர் குளிரும். ஐப்பசி அடைமழையில் கொடியில் போட்ட வேட்டி காயுமா? அப்படித்தான் இதுவும். அடைத்த அறையில் ஈரம்தான் ஏறும், சூடு இறங்காது.

அடைத்த அறைக்கு ஸ்பிளிட் ஏசிதான் சரி. ஏசி காற்றை உலர்த்தும். அதனால் தண்ணீர் தெளியுங்கள். காளானும் மூச்சுவிடும், தினமும் புதுக்காற்று விடுங்கள். வெளியே வைக்கும் பெட்டியை நம் உப்புக்காற்று அரிக்கும். அதைக் கடலுக்கு எதிரே வைக்காதீர்கள்.

செலவைக் குறைக்க வேண்டுமா? சிப்பிக் காளானை விடப் பால் காளான் வெப்பம் தாங்கும். 35 டிகிரி வரை வளரும். நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை நிலையம் தந்த ஏ.பி.கே. 2 ரகத்தைக் கேட்டுப் பாருங்கள். ஏசியே தேவைப்படாமல் போகலாம்.