எந்த விவிலியத்தை வாசிப்பது?

(வானொலி மறையுரை. இறைவார்த்தை ஞாயிறு, பொதுக்காலம் 3ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. வாசகங்கள்: நெகேமியா 8:2-10, லூக்கா 1:1-4, 4:14-21)



திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், விவிலிய மொழிபெயர்ப்பாளரான புனித ஜெரோமின் திருநாளன்று வெளியிட்ட மடல் வழியாக, ஆண்டுதோறும் இந்த ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாகச் சிறப்பிக்க நம்மை அழைத்தார். இன்றைய முதல் வாசகமும் அதற்கு மிகவும் பொருத்தமானது. பாபிலோனிய அடிமை வாழ்விலிருந்து திரும்பிய மக்கள் எருசலேமின் தண்ணீர் வாயிலுக்கு எதிரே கூடுகிறார்கள். ஆண்கள், பெண்கள், புரிந்துகொள்ளும் வயதுடைய பிள்ளைகள் எல்லாரும் நிற்கிறார்கள். எஸ்ரா திருச்சட்ட நூலைத் திறக்கிறார். லேவியர் அதை வாசித்து, மக்கள் விளங்கிக்கொள்ளும்படி பொருள் சொல்கிறார்கள். நீண்ட காலம் அந்நிய மண்ணில் வாழ்ந்தவர்களின் பேச்சில் அரமேய மொழி கலந்துவிட்டது, பழைய எபிரேயம் பலருக்கு எட்டவில்லை என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். பொருள் விளங்கியதும் மக்கள் அழுதார்கள். வார்த்தை அவர்கள் நெஞ்சுக்குள் போய்விட்டது.

இந்த வாசகத்தை வைத்துக்கொண்டு நம் வீடுகளில் எழும் ஒரு கேள்வியை இன்று சிந்திப்போம். பழைய மொழிபெயர்ப்பா, புதிய மொழிபெயர்ப்பா? எந்த விவிலியத்தை வாசிப்பது?

மூலக்கொத்தளத்திலும் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் மாலைச் செபத்துக்கு உட்காரும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். ஆயா இன்னும் சூசையப்பர் என்றும் சின்னப்பர் என்றும்தான் சொல்வார். மகன் திருவிவிலியத்தை எடுப்பார். வேறு சபையில் பிறந்து மணமாகி வந்த மருமகள் பரிசுத்த வேதாகமத்தில் ஊறியவர். கர்த்தர், கிருபை, ஞானஸ்நானம் என்றே அவர் வாயில் வரும். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளை செல்போனில் ஆங்கில விவிலியத்தைத் திறக்கும். நால்வரும் ஒரே ஆண்டவரை நோக்கித்தான் அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் மருமகள் கர்த்தர் என்று சொன்னதும் ஒரு முகச்சுளிப்பு. ஆயா பழைய செபத்தைத் தொடங்கினால் பிள்ளைகளிடம் ஒரு சிரிப்பு. இப்படியே சில வீடுகளில் குடும்பச் செபம் நின்றே போகிறது. விவிலியச் சொற்களுக்காகச் சண்டை போட்டு விவிலியத்தையே மூடிவிடுகிறோம். இது சிறிய இழப்பா?

மொழி உயிரோடு கலந்தது என்பதை நம் பகுதிக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1939இல் மொழிப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர் நீத்த நடராசனும் தாளமுத்துவும் அடக்கம் செய்யப்பட்டது நம் மூலக்கொத்தளத்து மண்ணில்தான். செப மொழியோ இன்னும் ஆழமானது. தாய் மடியில் கற்ற சொல் அது. அதை மாற்றச் சொன்னால் வலிக்கத்தான் செய்யும்.

இந்த வலி நமக்கு மட்டும் வந்ததன்று. புனித அகுஸ்தினார் 403ஆம் ஆண்டளவில் புனித ஜெரோமுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் சுவையான செய்தி உண்டு. இன்றைய லிபியாவில் இருந்த ஓயா என்னும் நகரில், யோனா நூலை ஜெரோமின் புதிய மொழிபெயர்ப்பிலிருந்து ஆயர் வாசிக்கச் செய்தார். யோனாவுக்கு நிழல் தந்த செடியைச் சுரைக்கொடி என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருந்த மக்களுக்கு, அது வேறொரு கொடியின் பெயராகக் காதில் விழுந்தது. கோவிலில் பெருங்கூச்சல்! மக்கள் தம்மை விட்டுப் போய்விடுவார்களோ என்று ஆயர் அஞ்சும் அளவுக்கு அது வளர்ந்தது. ஒரு செடியின் பெயருக்காக இத்தனை கலகம். பின்னாளில் நடந்ததையும் பார்ப்போம். புதுமை என்று எதிர்க்கப்பட்ட ஜெரோமின் அந்த இலத்தீன் மொழிபெயர்ப்பே வுல்காத்தா என்ற பெயரில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் திருஅவையின் விவிலியமாக நிலைத்தது. கத்தோலிக்கரின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பான டூவே-ரீம்சும், நம் பழைய கத்தோலிக்கத் தமிழ் மொழிபெயர்ப்புகளும் அதைத் தழுவியே எழுந்தன. ஒரு காலத்தின் புதியதுதான் அடுத்த காலத்தின் பழையது.

தமிழிலும் அப்படியே. 1578இல் கொல்லத்தில் அச்சான நூலின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. அன்று நம் முன்னோர் இறைவனைத் தம்பிரான் என்றார்கள். பிறகு சர்வேசுரன் என்றார்கள். இன்று கடவுள், ஆண்டவர் என்கிறோம். இஸ்பிரித்து சாந்து என்று போர்த்துக்கீசியச் சொல்லால் அழைக்கப்பட்டவரைத் தூய ஆவியார் என்கிறோம். சொற்கள் மாறின; வணங்கப்படுபவர் மாறவில்லை.

ஆகவே பழையதை இகழ வேண்டாம். ராயபுரம் என்ற பெயரே இராயப்பரிடமிருந்து, அதாவது புனித பேதுருவிடமிருந்து வந்தது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் சின்னவர் என்று பொருள். அதனால் அவர் சின்னப்பர் ஆனார். யோவான் என்ற எபிரேயப் பெயருக்குள் ஆண்டவரின் அருள் இருக்கிறது; அதனால் அவர் அருளப்பர் ஆனார். பெயரின் பொருளைக்கூட நம் மக்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று உழைத்தவர்களின் அன்பு அந்தச் சொற்களில் இருக்கிறது.

அதே அன்புதான் புதிய மொழிபெயர்ப்பையும் கேட்கிறது. இன்றைய நற்செய்தியில் இயேசு நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் எசாயாவின் ஏட்டுச்சுருளை விரித்து, ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கத் தாம் அனுப்பப்பட்டதாக வாசிக்கிறார். பழைய தமிழில் அந்த ஏழைகள் தரித்திரர். அன்று அது மதிப்பான எழுத்துச் சொல். இன்று நம் தெருவில் தரித்திரம் என்பது வசைச்சொல். மீன் கூடை சுமக்கும் ஒரு தாய்க்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒரு தந்தைக்கும் அந்தச் சொல் நற்செய்தியாகக் கேட்குமா? சொல் அப்படியே இருக்க, காலம் அதன் பொருளை நகர்த்திவிட்டது. அப்போது பொருளைக் காப்பாற்றச் சொல்லை மாற்றத்தான் வேண்டும்.

இன்னும் ஒன்று. லூக்கா அங்கே எழுதியிருப்பது பெரும்பாலும் எசாயாவின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பைத் தழுவியது. பார்வையற்றோர் பார்வை பெறுவர் என்ற பகுதி அந்தக் கிரேக்கத்தில் உண்டு. இன்று நம்மிடமுள்ள எபிரேய பாடத்தில் அந்த இடத்தில் இல்லை. நற்செய்தியாளரே மொழிபெயர்ப்பைக் கையாண்டார் என்றால், மொழிபெயர்ப்பு இறைவார்த்தைக்கு இழுக்கு என்று நாம் எண்ண இடமில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், விவிலியம் எல்லாருக்கும் தாராளமாகக் கிடைக்க வேண்டும், மூல மொழிகளிலிருந்து நல்ல மொழிபெயர்ப்புகள் வர வேண்டும், பிரிந்த சபையினரோடு சேர்ந்தும் அவற்றை உருவாக்கலாம் என்று கற்பித்தது. அதன் கனியாக 1995இல் பொது மொழிபெயர்ப்பாக வெளிவந்ததே நம் கையிலுள்ள திருவிவிலியம். கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உழைத்த நூல் அது. பவுலின் கடிதங்களில் சகோதரரே என்று மட்டும் ஒலித்த இடங்களில் சகோதரிகளும் அழைக்கப்படுகிறார்கள். நம் கோவிலின் பெரும்பாதி அன்றைக்கும் பெண்கள்தானே!

அன்புக்குரியவர்களே, வீட்டுக்கு எடுத்துச் செல்லச் சில எளிய வழிகள்.

முதலாவது, விவிலியம் வாங்கும்போது அதில் 73 நூல்கள் உள்ளனவா என்று பாருங்கள். 66 நூல்கள் மட்டும் உள்ள பதிப்பில் தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் நூல்கள் இரண்டும் இரா. பழையதா புதியதா என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆங்கிலத்தில் வாங்கித் தரும் பெற்றோரும் கத்தோலிக்கப் பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, புரிந்துகொள்ளவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் புதிய மொழிபெயர்ப்பைக் கையில் எடுங்கள். அடிக்குறிப்புகளையும் வாசியுங்கள்.

மூன்றாவது, பெரியவர்களின் பழைய செபத்தைத் திருத்தாதீர்கள். குறிப்பாக நோய்ப்படுக்கையில் இருப்பவருக்கு அவர் சிறுவயதில் கற்ற சொற்களிலேயே செபியுங்கள். நினைவு மங்கிய பின்னும் அந்தச் சொற்கள் மட்டும் உதட்டில் வரும்.

நான்காவது, ஒரே பகுதி இரண்டு பதிப்புகளில் வேறாக இருந்தால், எது தவறு என்று தொடங்காமல் இரண்டையும் உரக்க வாசித்து, ஆண்டவர் நமக்கு என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். மருமகள் அவருடைய வேதாகமத்திலிருந்து வாசிக்கட்டும். ஆயா கேட்கட்டும்.

எஸ்ராவின் முன் நின்ற கூட்டத்தில் ஒருவரும் புரியாமல் நிற்கக்கூடாது என்பதற்காக லேவியர் அத்தனை பாடுபட்டார்கள். நம் வீட்டிலும் அதுவே அளவுகோலாக இருக்கட்டும். இந்தச் சொற்களில் வாசித்தால் நம்மில் யார் வெளியே நிற்கிறார்? அவரை உள்ளே அழைத்துவரும் மொழிபெயர்ப்பை இன்று எடுப்போம். நாளை வேறொருவர் வெளியே நின்றால், அவருக்கான பக்கத்தையும் திறப்போம்.

ஏட்டுச்சுருளைச் சுருட்டிவிட்டு, இந்த மறைநூல் வாக்கு இன்று நிறைவேறிற்று என்றார் இயேசு. அந்த 'இன்று' நம் இல்லங்களிலும் கேட்கட்டும். இந்த வாரம் ஒரு மாலையாவது தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, குடும்பமாக அமர்ந்து, லூக்கா நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தை வாசிப்போம்.

வார்த்தையாம் இறைவன் நம்மையும் நம் குடும்பங்களையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.