வராதவர்களின் கணக்கு

(எங்கள் ஆஸ்பத்திரியின் ஆண்டு ஸ்தோத்திரக் கூட்டத்தில் ஆஸ்பத்திரிப் போதகர் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இந்த மேடையில் நாங்கள் ஒரு கணக்கை வாசிப்பது வழக்கம். வெளிநோயாளிகள் இத்தனை பேர், பிரசவங்கள் இத்தனை, அறுவை சிகிச்சைகள் இத்தனை என்று வாசிப்போம். நீங்களும் கேட்டு மகிழ்வீர்கள். அந்த அறிக்கை அச்சாகி உங்கள் கையில் இருக்கிறது. இன்று வேறொரு கணக்கைப் பற்றிப் பேச எங்கள் உள்ளம் ஏவுகிறது. அது வராதவர்களின் கணக்கு.

கல் உடைக்கும் ஒரு தாயார் காசநோய்க்காக எங்களிடம் மருந்து வாங்கி வந்தார். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து. இரண்டாம் மாதத்தோடு வருவதை நிறுத்திவிட்டார். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று மூன்று முறை எழுதியிருந்தோம். அத்தோடு அந்தப் பக்கம் முடிந்துவிட்டது. புதுப் பக்கத்தில் அவர் பெயரை யாரும் எடுத்து எழுதவில்லை.

பல மாதங்கள் கழித்து, இரத்தம் கக்கும் நிலையில் அவரைத் தூக்கி வந்தார்கள். "ஏனம்மா நடுவில் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டோம். "இங்கே வந்து போனா ஒரு நாள் கூலி போச்சு ஐயா. சீட்டுல என்ன தேதி போட்டிருக்குன்னும் எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார். அவர் பிழைக்கவில்லை. எங்கள் பதிவேட்டில் தவறு ஒன்றும் இல்லை. எழுத வேண்டியதை எழுதியிருந்தோம். எழுதியதைப் பார்த்து எழுந்து போகத்தான் ஆள் இல்லை.

கணக்கை எடுத்தால் எழுந்து போக வேண்டும் என்பதை நம்முடைய புதுக்கோட்டை மாவட்டமே முன்பு செய்து காட்டியிருக்கிறது. 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் யார் யார் என்று தொண்டர்கள் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். பிறகு அந்தப் பெயர்களைத் தேடி வகுப்புகள் தெருவுக்கே போயின. படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒருவர் துணையில்லாமல் அவர்களால் வெளியே போய்வர முடியாதிருந்தது. இதைக் கண்ட அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் ஓட்டப் பழகுவதையும் எழுத்தறிவோடு சேர்த்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர்களில் கல்குவாரித் தொழிலாளிகளும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் உண்டு.

அதே அம்மையார் பொருளியல் அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவுடன் சேர்ந்து 1997-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்து, தமிழ்நாட்டில் பெண்சிசுக் கொலை எந்தெந்தப் பகுதிகளில் மிகுந்திருந்தது என்பதை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மூலையில் தூசி படிந்து கிடக்கும் நோட்டுப் புத்தகங்களும் வாயில்லாப் பிள்ளைகளுக்காகச் சாட்சி சொல்லும் என்று அப்போது தெரிந்துகொண்டோம்.

கூட்டிப் பார்ப்பது போலவே பிரித்துப் பார்ப்பதும் அவசியம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றவர்கள் 100-க்குச் சுமார் 77 பேர். பரவாயில்லையே என்று தோன்றும். ஆணையும் பெண்ணையும் பிரித்துப் பாருங்கள். ஆண்களில் சுமார் 86, பெண்களில் சுமார் 69. அறிவொளிக்கு இருபது ஆண்டுகள் கழித்தும் மருந்துச் சீட்டைப் படிக்க முடியாதவர்கள் பெண்களில் 100-க்கு 31 பேர். அந்தத் தாயார் இந்த 31-க்குள் இருந்தவர். சராசரி என்னும் போர்வையை விலக்காவிட்டால் அவர் முகம் நமக்குத் தெரியாது.

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப்போய், 2027-க்கு என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2011-க்குப் பின் பிறந்த பிள்ளைகள் அதுவரை எந்த மக்கள்தொகைக் கணக்கிலும் இல்லை. ஆகவே ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் பதிவேட்டுக்கும் இன்று பொறுப்பு அதிகம்.

காணாமற்போன ஆட்டின் உவமையைப் பல முறை பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் ஒன்றை நெடுநாள் கவனியாமல் இருந்தோம். ஒன்று குறைகிறது என்று மேய்ப்பனுக்கு எப்படித் தெரிந்தது? அவன் எண்ணிப் பார்த்திருக்கிறான். எண்ணியதோடு உட்கார்ந்துவிடாமல் தேடியும் போனான்.

இப்போது எங்கள் பதிவேட்டில் இரண்டு பத்திகள் கூடியிருக்கின்றன. ஒன்று, எந்தக் குக்கிராமத்திலிருந்து வருகிறார் என்பது. மற்றொன்று, ஏன் வரவில்லை என்பது. இரண்டாவதை நாற்காலியில் உட்கார்ந்து நிரப்ப முடியாது. எங்கள் சகோதரி ஒருவர் வீட்டுக்கே போய்க் கேட்டு எழுதுகிறார். போகும்போது மருந்தையும் எடுத்துப் போகிறார். நோயின் பெயர் ஊருக்குள் தெரிந்தால் திருமணம் தடைபடும், வேலை போகும். ஆகவே அந்த நோட்டைப் பூட்டி வைக்கிறோம். எங்கள் அறிக்கைகளில் எண்கள் மட்டுமே வரும், பெயர்கள் வரா.

அன்பானவர்களே, புதுக் கட்டடத்துக்குக் கொடுத்தால் கல்வெட்டில் உங்கள் பெயர் நிற்கும். ஒரு சகோதரியின் பேருந்துக் கட்டணத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்துக்கும் கொடுத்தால் எங்கும் பெயர் நிற்காது. இருந்தாலும் இதற்காகவே இந்த ஆண்டு உங்களிடம் கை நீட்டுகிறோம். அடுத்த ஆண்டு நீங்கள் வரும்போது, "எத்தனை பேர் வந்தார்கள்?" என்று மாத்திரம் எங்களைக் கேளாதீர்கள். "யார் வரவில்லை? போய்ப் பார்த்தீர்களா?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாக இருப்போம்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.