தேயிலைத் தோட்டத்தில் வேலை ஒழுங்கு

ஒரு தொழிலில் வேலையை எவ்வாறு வகுத்தால் பொருளும் பெருகும், உழைப்பவரும் நலிவுறார் என்னும் வினாவிற்கு விடை காண, ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தைக் கூர்ந்து நோக்கினாலே போதும்.

வேலை ஒழுங்கை முதலில் தீர்மானிப்பது, கையாளப்படும் பொருளின் இயல்பாகும். 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாள் முதல், கொழுந்தின் வளர்ச்சியே தோட்டத்தின் நாட்காட்டியாக இருந்து வருகின்றது. ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறை அதே மலைக்குத் திரும்ப வேண்டும். தாமதித்தால் இலை முற்றிவிடும். பறித்த கொழுந்து கசங்காமலும் சூடேறாமலும் தொழிற்சாலையை அடைய வேண்டும். அங்கு வாட்டி, உருட்டி, உலர்த்தியபின் 100 கிலோ கொழுந்து ஏறக்குறைய 22 கிலோ தேயிலையாகின்றது. மலையில் நேர்ந்த பிழையை எந்த இயந்திரமும் திருத்தாது.

இரண்டாவது, வேலை நடைபெறும் இடம். செங்குத்தான சரிவு, மழை, அட்டைக்கடி, தலையில் தொங்கும் கூடையின் பாரம், மடுவம் வரையுள்ள தூரம் ஆகிய யாவும் பறிப்பவரின் நேரத்தையும் வலிமையையும் உண்கின்றன.

மூன்றாவது, வேலையின் அளவு. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ என்பது வழங்கி வந்த அளவாகும். அதனை எட்டினால் முழுப்பேர்; எட்டாவிடில் பெரும்பாலும் அரைப்பேர். ஆயின் புதிய செடிகள் செழித்த மலையிலும், வயது முதிர்ந்த செடிகள் நிற்கும் மலையிலும் ஒரே அளவைக் கோருவது எங்ஙனம் நீதியாகும்? 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதிக்கப்பட்டபின் கொழுந்து குன்றியது. செடிக்கு உணவில்லாத குறைக்கு, விடியுமுன் எழுந்து சமைத்து, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலையேறும் பெண் பொறுப்பாளியாவாளா? அவ்வாண்டிலேயே நாட்கூலி 1000 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, அதனுடன் பறிக்க வேண்டிய அளவை உயர்த்துவது குறித்துப் பல தோட்டங்களில் பிணக்குகள் மூண்டன. கூலியும் அளவும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பதற்கு இது சான்று.

நான்காவது, மனிதரிடையே உள்ள உறவு. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களை ஆராய்ந்த எரிக் டிரிஸ்ட், கென் பாம்போர்த் என்னும் இருவர், 1951இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். புதிய இயந்திர முறை, கூடியுழைத்த சிறு குழுக்களைச் சிதறடித்தமையால், எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்பது அவர்கள் கண்ட உண்மை. கருவியையும் மனிதரின் கூட்டுறவையும் ஒருங்கே கருதி வகுக்கப்படாத ஒழுங்கு நிலைக்காது.

தேயிலை மலைக்கும் இது பொருந்தும். எந்த மலையில் எந்தப் பருவத்தில் எவ்வளவு கொழுந்து கிடைக்கும் என்பதை, நிரையில் நின்று பறிப்பவர் நன்கறிவர். அவர்தம் சொல்லையும் கேட்டு, மலைக்கு மலை, பருவத்துக்குப் பருவம் அளவை வகுத்தல் வேண்டும். மடுவத்தை அருகமைத்தல் வேண்டும். குடிநீரும் கழிப்பிடமும் ஒழுங்கின் பகுதியெனக் கொள்ளல் வேண்டும். அவ்வாறு செய்யும் தோட்டத்தில் கொழுந்தும் தரமாய் வரும். மாலையில் தராசின் முன் நிற்பவர் முகத்தில் அச்சமும் இராது.